கறுப்பு-சாம்பல் டாட்டூ: எங்கே குத்தலாம்?

தோட்டப்புறப் பாட்டிமார் முன்கையில் குத்திக்கொண்ட பச்சை, இன்று சுங்கை வே, கிள்ளான் வட்டார இளையோரிடம் டாட்டூவாகத் தொடர்கிறது.

கறுப்பு மையில் நீர் கலந்து நிழல் கொடுப்பதே கறுப்பு-சாம்பல் முறை. அமெரிக்கச் சிறைகளில் மெக்சிகோ வம்சாவளியினரிடம் உருவான இது, 1975இல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் திறக்கப்பட்ட 'குட் டைம் சார்லிஸ் டாட்டூலேண்ட்' கடைவழி பரவியது.

கறுத்த தோலில் வண்ணங்கள் மங்கலாம். கறுப்பு எடுப்பாகத் தெரியும். மிக வெளிர்ந்த சாம்பல் மட்டும் எடுபடாது.

நிலைக்கும் இடங்கள்: மேற்கை, முன்கையின் உட்புறம், தொடை, கெண்டைக்கால்.

விரைவில் தேயும் இடங்கள்: விரல், உள்ளங்கை, பாதம்.

காயத்தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. நெஞ்சிலும் தோளிலும் ஆபத்து அதிகம்.

கழுத்தையும் புறங்கையையும் சட்டை மறைக்காது. வேலை நேர்காணலுக்குப் போகவிருப்போர் இதை முதலில் யோசிக்க வேண்டும்.