புழுவில் தொடங்கிய கதை

கொரோனா காலத்தில் டாக்டர்களைத் திணற வைத்த கேள்வி ஒன்று. இன்று லேசான காய்ச்சலோடு வருபவர்களில் நாளை யாருக்கு மூச்சு முட்டும்? இருக்கிற ஆக்சிஜன் படுக்கையை யாருக்குக் கொடுப்பது? இதற்கு ரத்தத்தில் விடை தேடிய கதை, ஒரு புழுவில் தொடங்குகிறது.

1993-ல் அமெரிக்காவில் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரூவ்கனும், ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். சுமார் 22 எழுத்து நீளமே உள்ள குட்டி ஆர்.என்.ஏ. அது வேறொரு மரபணுவின் செய்தியில் ஒட்டிக்கொண்டு, புரத உற்பத்தியைக் குறைக்கிறது. எங்க பாஷையில் சொன்னால், கன்ட்ரோல் வால்வு! "புழு சமாச்சாரம்தானே" என்று பலர் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. மனிதன்வரை பல உயிர்களில் இருப்பதை 2000-ல் ரூவ்கன் குழு காட்டிய பிறகே உலகம் விழித்தது. ரத்தத்திலும் இவை சிதையாமல் இருப்பது 2008-ல் தெளிவானது.

எனவே 2020 முதல் கொரோனா நோயாளிகளின் ரத்தத்தில் இவற்றை அளந்தார்கள். நோய் முற்றியவர்களிடம், அழற்சியைத் தூண்டும் 155-ஆம் எண் மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடியிருப்பதாகவும், அதை அடக்கும் 146ஏ குறைந்திருப்பதாகவும் சில ஆய்வுகள் சொல்லின. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு பட்டியல் மாறியது. அளந்த முறை வேறு, நோயாளிகளோ கொஞ்சம் பேர். கடைசியில் ஆஸ்பத்திரிகளில் கைகொடுத்தவை சி.ஆர்.பி., டி-டைமர் போன்ற பழைய டெஸ்டுகள்தான்.

ஆம்ப்ரோஸுக்கும் ரூவ்கனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. தம்பி, தங்கைகளே! கண்டுபிடித்தது பாதி வேலைதான். எந்த லேபில் அளந்தாலும் ஒரே விடை வரச் செய்வது மீதிப் பாதி. அடுத்த தொற்று வருவதற்குள் அதை முடிக்க வேண்டும். அதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது.