டெனிஸ் ஹர்லி

டெனிஸ் யூஜின் ஹர்லி (நவம்பர் 9, 1915 – பெப்ரவரி 13, 2004) தென்னாபிரிக்கக் கத்தோலிக்கப் பேராயர் ஆவார். இனவொதுக்கல் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்த முதன்மையான திருச்சபைத் தலைவர்களுள் ஒருவர்.

வாழ்க்கைச் சுருக்கம்

கேப் டவுனில் ஐரியப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை கலங்கரை விளக்கக் காப்பாளர். பிற்காலத்தில் நெல்சன் மண்டேலா சிறை வைக்கப்பட்ட ராபன் தீவில் ஹர்லியின் இளமையில் ஒரு பகுதி கழிந்தது. அமலமரித் தியாகிகள் சபையில் இணைந்து குருவானார். 1947 இல், 31 ஆவது அகவையில், ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1951 முதல் 1992 வரை டர்பன் பேராயராக இருந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலும் பங்கேற்றார்.

இனவொதுக்கல் எதிர்ப்பு

ஹர்லி தலைவராக இருந்தபோது, 1957 இல் தென்னாபிரிக்க ஆயர் பேரவை இனவொதுக்கல் தன்னியல்பிலேயே தீயது என அறிவித்தது. 1976 இல் கிறித்தவச் சபைகள் பலவற்றை ஒன்றிணைத்து டர்பனில் 'டியக்கோனியா' அமைப்பை நிறுவினார். நமீபியாவில் 'கூவூட்' காவற்படை கொடுமைகள் புரிவதாகக் கூறியமைக்காக 1984 இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது; 1985 இல் குற்றச்சாட்டுகள் மீளப்பெறப்பட்டன.

மரபு பேணல்

டர்பனின் குயீன் தெரு, டெனிஸ் ஹர்லி தெரு எனப் பெயர் மாற்றப்பட்டது. டியக்கோனியாவின் முதல் இயக்குநரான பேடி கீர்னி எழுதிய வாழ்க்கை வரலாறு 2009 இல் வெளியானது. ஹர்லி பிறந்த நூற்றாண்டான 2015 இல், அவர் அடக்கம் செய்யப்பட்ட இம்மானுவேல் பேராலயத்தின் அருகில் டெனிஸ் ஹர்லி மையம் திறக்கப்பட்டது. இது வெறும் நினைவுக் கட்டடம் அன்று. வீடற்றோருக்கு உணவும், ஏதிலிகளுக்கு உதவியும், ஏழைகளுக்கு மருத்துவமும் வழங்கும் நோக்குடன் அமைக்கப்பட்டது. சிலை வைப்பதினும் அவர் பணியைத் தொடர்வதே அவர் மரபைப் பேணும் வழி என்பது இம்மையத்தின் அடிப்படையாக உள்ளது.