உபரியாக வந்த சிரிப்பு: தொடக்ககாலத் தமிழ் நகைச்சுவைக் குறும்படங்களும் கம்பம் பள்ளத்தாக்கும்

தமிழ்ப் பேசும்படத்தின் முதல் பத்தாண்டுகளில் முழுநீளப் புராணப் படங்கள் மட்டுமன்றி, அவற்றோடு இணைத்துக் காட்டுவதற்கென்றே சில ரீல்களில் முடிந்துவிடும் நகைச்சுவைப் படங்களும் எடுக்கப்பட்டன. நடிகர்களையும் இயக்குநர்களையும் முன்னிறுத்தி எழுதப்பட்ட திரைப்பட வரலாறுகள் இவற்றை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஆனால் கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் வரும் தனி நகைச்சுவைப் பகுதி அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்ப் படங்களின் கட்டாய உறுப்பாக நிலைத்ததை விளங்கிக்கொள்ள விரும்புவோர், இந்தச் சிறு படங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குறும்படம் தமிழ்நாட்டுக்குப் பழகிய வடிவமாகவே இருந்தது. திருச்சியில் ரயில்வே எழுத்தராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்றபோது, அவரிடம் இருந்தவை பெரும்பாலும் சில நிமிடங்களே ஓடும் துண்டுப் படங்கள்தாம். பேச்சே இல்லாத அக்காலத்தில் மாக்ஸ் லிண்டர், சார்லி சாப்ளின் போன்றோரின் ஓரிரு ரீல் நகைச்சுவைகளால் எந்த மொழியினரையும் எட்ட முடிந்தது. பேசும்படம் வந்ததும் மொழி குறுக்கிட்டது. சிரிப்பையும் தமிழிலேயே உருவாக்க வேண்டிய தேவை பிறந்தது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியான 1931ஆம் ஆண்டிலேயே ‘குறத்திப் பாட்டும் டான்சும்’ என்ற நான்கு ரீல் குறும்படமும் வந்தது என்பது, துண்டுக் காட்சிகளுக்கு அன்று இருந்த வரவேற்பைக் காட்டுகிறது.

இதற்கான மூலப்பொருள் மேடையில் ஆயத்தமாக இருந்தது. மதுரை வட்டாரத்தில் வேரூன்றிய ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது ஒரே குழுவைச் சேராத நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து ஓரிரவு நடத்தும் நாடகத்தில், பபூன் என்னும் நகைச்சுவை நடிகர் கதைக்கு வெளியே நின்று பார்வையாளரோடு நேராகப் பேசுவார், பாடுவார், அன்றைய விலைவாசியையும் ஊர் வம்பையும் கேலி செய்வார். வள்ளி திருமணமோ பவளக்கொடியோ எது நடந்தாலும் அவருடைய பகுதி அப்படியே பொருந்தும். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்ற என்.எஸ். கிருஷ்ணன், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்த காளி என். ரத்னம் ஆகியோர் திரைக்கு வந்தபோது இந்தத் தனித்தியங்கும் உரிமையையும் உடன் கொண்டுவந்தனர். 1936இல் வெளியான ‘சதி லீலாவதி’ தொடங்கித் தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே எழுதி அமைத்துக்கொண்ட கிருஷ்ணன், பின்னர் டி.ஏ. மதுரத்தோடும் தமக்கென அமைந்த குழுவோடும் சேர்ந்து அப்பகுதிகளைத் தனியாகவே தயாரித்து, பிறர் படங்களில் சேர்க்கக் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

துண்டுகளைப் படத்தில் சேர்க்கலாம் என்றால், துண்டுகளை மட்டுமே கோத்தும் ஒரு படம் ஆக்கலாம். 1939இல் வந்த ‘சிரிக்காதே’ அவ்வாறு உருவானதே. ‘அடங்காப்பிடாரி’ உள்ளிட்ட சிறு நகைச்சுவைகளின் தொகுப்பாக அமைந்த அதில் கிருஷ்ணன், மதுரம், ரத்னம் முதலானோர் நடித்தனர். அதைவிட ஆழமான முயற்சி 1941இல் வெளிவந்த ‘சந்திரஹரி’. பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகத்தை அடிப்படையாகக் கொண்ட இப்படம், அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது: உயிரே போனாலும் பொய்தான் பேசுவேன் என்று நிற்பவனே இதில் நாயகன். அக்கதையின் மயான காண்டம் நடிக்கப்படும் இரவில் ஊரே அழுது பழகிய தென்மாவட்டங்களில், அந்த அழுகையின் ஒவ்வொரு திருப்பத்தையும் அறிந்தவர்களால்தான் இக்கேலியின் ஒவ்வொரு திருப்பத்தையும் சுவைக்க முடியும். நாடக மரபை விட்டு விலகிவிட்ட இன்றைய பார்வையாளர் அரிச்சந்திர நாடகத்தை ஒருமுறையேனும் முழுதாகப் பார்த்துவிட்டு இதனிடம் வருவது நல்லது.

இத்தகைய படங்கள் அல்லிநகரம் போன்ற ஊர்களுக்கு வந்துசேர்ந்த வழி நீண்டது. அப்போதைய மதுரை மாவட்டத்தின் பெரியகுளம் வட்டத்தில் இருந்த இவ்வூர், 1895இல் நிறைவுற்ற பெரியாறு அணையின் நீரால் செழித்த கம்பம் பள்ளத்தாக்கின் நுழைவாயில். 1928இல் திறக்கப்பட்ட மதுரை–போடி ரயில்பாதையும் வாரச்சந்தையும் அருகிலிருந்த தேனியை வளர்க்க, இரண்டும் பின்னர் ஒரே நகராட்சியாயின. ஆனால் படவிநியோகக் கணக்கில் இது கடைக்கோடி. சென்னையிலும் மதுரையிலும் ஓடி முடிந்த பிறகே படப்பெட்டி சிற்றூர்களின் டூரிங் டாக்கீசுக்கு, அதாவது உரிமக்காலம் முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்து வேறிடம் செல்லும் கொட்டகைக்கு, அனுப்பப்பட்டது. ஒற்றை புரொஜெக்டர் மட்டுமே உள்ள கொட்டகையில் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். ஆகவே துண்டு துண்டாகப் பார்ப்பதே தரை டிக்கெட்டுக்காரரின் இயல்பான அனுபவம். தனித்தனியே நிறைவு பெறும் நகைச்சுவை இந்த முறைக்குப் புராணக் கதையைவிட நன்றாகவே இசைந்திருக்க வேண்டும்.

சிறு நகைச்சுவைப் படங்களை இணைத்துக் காட்டும் வழக்கத்தை இரண்டாம் உலகப் போர் முறித்தது. இறக்குமதிப் பொருளான கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அரசு ஒரு படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள், அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள், அடக்கியது. பதினெட்டாயிரம் அடிக்கும் மேல் எடுத்துப் பழகிய தயாரிப்பாளர்கள் இணைப்புப் படத்துக்கு எங்கே போவார்கள்? மேலும் 1944இன் இறுதியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதான கிருஷ்ணன் 1947 வரை சிறையில் இருந்தார். அவர் வெளிவந்தபோது நகைச்சுவை முழுநீளப் படத்தின் உள்ளேயே குடியேறிவிட்டது.

எடுக்கப்பட்டவற்றிலும் பெரும்பாலானவை தங்கவில்லை. 1950களின் தொடக்கம்வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பின் தூளாகிவிடும். ஓடித் தேய்ந்த பிரதிகளை அவற்றிலுள்ள வெள்ளிக்காகவே எடைக்குப் போட்டனர். கனடாவின் டாசன் நகரும் விநியோகத்தின் கடைக்கோடிதான். திருப்பியனுப்பும் செலவுக்கு அஞ்சி அங்கேயே விடப்பட்டுப் புதைக்கப்பட்ட 533 ரீல்கள் 1978இல் உறைநிலத்திலிருந்து மீண்டன. தமிழ்நாட்டின் கடைக்கோடிகளுக்கு அந்தக் குளிரும் இல்லை. வாடகைப் பெட்டியைத் திருப்பியனுப்பாமல் வைத்துக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964இல்தான் நிறுவப்பட்டது. அதற்குள் காலம் கடந்திருந்தது.

எனவே இவ்வகைச் சிரிப்பைத் தேடுவோர் நேர்வழியோடு சுற்றுவழியையும் நாட வேண்டும். ‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940), ‘அசோக் குமார்’ (1941) போன்று இன்றும் காணக் கிடைக்கும் படங்களில் நகைச்சுவைப் பகுதியை மட்டும் பிரித்து எடுத்துத் தொடர்ச்சியாகப் பார்த்தால், ஒரு முழுக் குறும்படம் உள்ளே ஒளிந்திருப்பது புலப்படும். ‘சகுந்தலை’யில் கிருஷ்ணனும் டி.எஸ். துரைராஜும் மீனவர்களாக வந்து வசைமாரி பொழியும் காட்சி இதற்குத் தலைசிறந்த சான்று. காவியக் கதைக்கு நடுவே, கரையோரப் பேச்சின் வேகத்தோடு அது தனியே நின்று ஒலிக்கிறது. கொட்டகை வாசலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள், நடிகர் பட்டியலையும் கதைச்சுருக்கத்தையும் தாங்கி, பிரதி அழிந்த படங்களுக்கும் சாட்சி சொல்கின்றன. அவற்றின் பெருந்தொகுப்பு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பேணப்படுகிறது. கிராமபோன் தட்டுகளில் கிருஷ்ணன்–மதுரம் குரல்கள் எஞ்சியுள்ளன. பள்ளத்தாக்கின் பழைய கொட்டகைக் குடும்பங்களிடம் இத்தகைய புத்தகமோ நோட்டீசோ இருந்தால், அது பழைய தாள்காரரின் தராசுக்குப் போகும் முன் நூலகத்தின் கைக்குச் சேர வேண்டும்.