மேல்மாடி வீட்டுக்கு கிளாஸ் வூல் போடலாமா? திருச்சி வெயிலுக்குச் சரியாகப் பொருத்துவது எப்படி?

பகல் முழுக்க வெயிலை வாங்கிய மொட்டை மாடி, இரவு பத்து மணிக்கும் சூடு தணியாமல் கிடக்கும். "ஃபேன் போட்டா அனல் காத்துதான் வருது" என்பது திருச்சியில் கடைசி மாடியில் குடியிருப்பவர்கள் கோடைக்குக் கோடை சொல்லும் புகார். வீட்டில் வயதானவர்களோ குழந்தைகளோ இருந்தால் இது வெறும் அசௌகரியம் இல்லை. இரவிலும் உடல் சூடு இறங்காமல் போவதுதான் வெப்ப பாதிப்பை ஆபத்தாக்குகிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-ல் அறிவித்ததும் நினைவிருக்கலாம்.

இதற்குத் தீர்வாக இப்போது பலரும் கேட்பது கிளாஸ் வூல். "ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல இதை வச்சிட்டா போதும் சார், ரூம் ஜில்லுன்னு ஆயிடும்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அது எவ்வளவு உண்மை?

கிளாஸ் வூல் என்றால் என்ன?

கண்ணாடியை உருக்கி, மெல்லிய இழைகளாக இழுத்து, மெத்தைபோல் செய்யப்படுவது கிளாஸ் வூல். பாறையை உருக்கிச் செய்தால் ராக் வூல். திருச்சிக்கு இது புதுசு இல்லை. 1965-ல் தொடங்கிய திருவெறும்பூர் பெல் ஆலை தயாரிக்கும் கொதிகலன்கள் போன்றவற்றில், சூடு வெளியே போகாமல் இருக்கச் சுற்றுவது இந்த வகைக் கம்பளியைத்தான். அங்கே சூட்டை உள்ளே நிறுத்துகிறது. வீட்டில் வெளியே நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்படி வேலை செய்கிறது?

வெப்பத்தைத் தடுப்பது இழை அல்ல. இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கியிருக்கும் காற்று. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாமே எளிதாகப் புரியும். கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான் கிளாஸ் வூல் கடத்தும். அதாவது 50 மி.மீ. கம்பளி, ஆறு அடி கனமுள்ள கான்கிரீட்டுக்குச் சமமான தடை.

மத்திய மின்துறை 2018-ல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பு, கூரை வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. சாதாரண ஆறு அங்குல கான்கிரீட் தளத்தில் இது 3 வாட்டைத் தாண்டும். 50 மி.மீ. கம்பளியைச் சரியாகப் பொருத்தினால் 0.7-க்குக் கீழே வந்துவிடும். 'சரியாக' என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கே தப்பு நடக்கிறது?

முதல் தப்பு, அமுக்குவது. இடம் போதவில்லை என்று 50 மி.மீ. கம்பளியை 25 மி.மீ. இடத்தில் திணித்தால், உள்ளே இருந்த காற்று போய்விடும். பலனும் ஏறக்குறைய பாதியாகும். இடம் குறைவு என்றால் மெல்லிய கம்பளியை வாங்குங்கள்.

இரண்டாவது, இடைவெளி. சேனல் ஓரம், ஃபேன் கொக்கி, ஒயர் பைப் வரும் இடங்களில் "கொஞ்சூண்டு கேப்தானே" என்று விட்டுவிடுவார்கள். மொத்தப் பரப்பில் 5 சதவீதம் திறந்திருந்தாலே, கணக்குப்படி உள்ளே வரும் வெப்பம் சுமார் 20 சதவீதம் கூடும். கம்பளியை இடத்தின் அகலத்தைவிட ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டினால், தானே இறுக்கமாக உட்காரும். பைப்பை மேலே சுற்றி விடாமல், கம்பளியைக் கீறி பைப்பை நடுவே விட வேண்டும்.

மூன்றாவது, ஈரம். நனைந்த கம்பளி எதையும் தடுக்காது. காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தளம் ஒழுகுமா என்று பார்த்து, அதைச் சரிசெய்த பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் மூடிவிட்டால் ஒழுகல் கண்ணுக்கே தெரியாது.

நான்காவது, அலுமினிய ஃபாயில். பளபளப்பான பக்கம் காற்று இடைவெளியைப் பார்த்து இருக்க வேண்டும். குறைந்தது ஒரு அங்குல இடைவெளி தேவை. பலகையில் ஒட்டிவைத்தால் ஃபாயிலால் பலன் இல்லை.

எந்த வீட்டுக்குப் பொருந்தும்?

மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட அறைக்குத்தான் இது அதிகம் உதவும். கம்பிவலை விரித்து, ஃபாயில் பக்கம் அறையைப் பார்க்கும்படி கம்பளியைப் பரப்பி, அதன்மேல் ஷீட்டைப் பொருத்துவது வழக்கம். ஃபாயில் இணைப்புகளை அலுமினிய டேப்பால் ஒட்ட வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதைத் துளையிடவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி உங்கள் கையில் இல்லை, ஏசி அறையில் எப்படியும் ஃபால்ஸ் சீலிங் போடப்போகிறீர்கள் என்றாலும் போடலாம்.

மொட்டை மாடி உங்களுடையது என்றால் முதல் செலவு அங்கே இருக்கட்டும். சுண்ணாம்போ, வெப்பம் எதிரொலிக்கும் வெள்ளை பெயின்ட்டோ, வெள்ளை டைல்ஸோ வெயிலைத் தளத்துக்குள்ளேயே விடாது. கம்பளி கீழே இருந்தால் தளம் சூடாகத்தான் செய்யும்; அந்தச் சூடு அறைக்குள் வருவதுதான் குறையும்.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் வேறு கதை. மர உத்திரம், செங்கல், சுண்ணாம்புத் தளம், தட்டோடு என அடுக்கடுக்காகக் கட்டியது அந்தக் கூரை. அங்கே ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடினால், உத்திரத்தில் கரையான் ஏறுவதும் ஈரம் இறங்குவதும் தெரியாமல் போகும். தட்டோடு பழுதுபார்த்து வெள்ளையடிப்பதே அங்கு முதல் வேலை.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

இழை தோலில் பட்டால் அரிக்கும், கண்ணும் எரியும். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, என்95 மாஸ்க் கட்டாயம். சீலிங் ஃபேன் ஃபால்ஸ் சீலிங்கில் அல்ல, தளத்தில் உள்ள கொக்கியிலேயே தொங்க வேண்டும். எல்இடி விளக்குகளின் டிரைவரைக் கம்பளியால் மூடக் கூடாது. கம்பளி அறைக்குள் வெறுமனே தெரியும்படி விடவும் கூடாது.

பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

• பாக்கெட்டில் தடிமன், அடர்த்தி (24, 32, 48 கிலோ), ஐஎஸ் 8183 முத்திரை இருக்கிறதா?
• பலகையை மூடும் முன் ஏறிப் பார்த்து போட்டோ எடுத்தீர்களா?
• ஓரங்களில் இடைவெளி, அமுங்கிய இடம், ஈரம் ஏதும் உண்டா?

கடைசியாக ஒன்று. கிளாஸ் வூல் குளிரை உண்டாக்காது, சூடு வரும் வேகத்தைத்தான் குறைக்கும். வெயில் நேரத்தில் ஜன்னலை மூடி, காவிரிக் காற்று இறங்கும் ராத்திரியில் திறந்துவிட்டால்தான் செலவழித்த காசுக்கு முழுப் பலன் கிடைக்கும்.