சங்கடை

பழம்பொருள் சேர்க்கும் நண்பர்கள் நாங்கள் நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை கூடுவோம். பித்தளைப் பூட்டு, பாக்குவெட்டி, முத்திரைப் படி என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து பாயில் பரப்பி, இது என்ன, எதற்கு என்று மூளையைக் கசக்குவது வழக்கம். சென்ற மாதம் ஒருவர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிவந்த பித்தளைச் சாமான் எங்களை ஒரு மணி நேரம் ஆட்டி வைத்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. கிண்ணம் போல வயிறு, ஒரு பக்கம் நீண்டு ஒடுங்கும் மூக்கு. காம்பு இல்லை, மூடி இல்லை, கால் இல்லை.

விளக்கு என்றார் வாங்கியவர். மூக்கில் திரி கிடந்து எரிந்திருந்தால் நுனி கருத்திருக்கும். இது சுத்தமாக இருந்தது. தவிர, எண்ணெயை ஊற்றிக் கீழே வைத்தால் சாய்ந்துவிடும். தீர்த்தம் விடும் பூசைச் சாமான் என்றார் இன்னொருவர். உத்தரணி என்றால் காம்பு வேண்டுமே! தட்டார் பட்டறையில் உருக்கிய வெள்ளியை ஊற்றுவது என்று மூன்றாமவர் சொன்னபோது சிரித்துவிட்டோம். வெள்ளி உருகுவதற்கு முன் பித்தளை உருகிவிடும்.

உண்மையான துப்பு உட்புறத்தில் இருந்தது. அங்கங்கே சாம்பல் நிறத் திட்டுகள், ஈயம் பூசிய மிச்சம். வெறும் பித்தளையில் புளிப்பும் பாலும் பட்டால் களிம்பேறும் என்றுதான் ஈயம் பூசுவார்கள். விளக்குக்கு யாரும் ஈயம் பூச மாட்டார்கள். ஆக, வாயில் படும் ஏதோ ஒன்றுக்கான பாத்திரம். அதற்குள் காப்பி கொண்டுவந்த நண்பரின் அம்மா தட்டை வைத்துவிட்டு, "இது சங்கடை இல்லடா? உன் தம்பிக்கு இதுலதானே விளக்கெண்ணெய் ஊத்துனேன்" என்றார். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது. எனக்கு மட்டும் அந்தச் சொல் முடியவில்லை.

சங்கடை, பால்சங்கு, வெறும் சங்கு, பாலடை, பாலாடை என்று கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் இந்தப் பாத்திரத்துக்கு ஊருக்கும் வீட்டுக்கும் தக்கபடி பெயர் மாறும். சங்கு என்ற பெயர்தான் பொருளின் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. முதலில் இருந்தது கடற்சங்கு. சிறிய சங்கு ஒன்றின் பக்கவாட்டை அறுத்து, உள்ளே சுருண்டிருக்கும் தண்டை எடுத்துவிட்டால் வயிறு திறந்துகொள்ளும். முன்பக்கம் நீளும் இயற்கையான குழிவு மூக்காகிவிடும். மனிதன் வளைத்துச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. பிறகு வந்த கன்னாரும் தட்டாரும் அந்த வடிவத்தையே பித்தளையிலும் வெள்ளியிலும் பிடித்தார்கள். தாலாட்டுகளில் தங்கத்திலும் செய்தாயிற்று. பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. காலில்லாமல் சாய்ந்து நிற்பதற்கும் இதுவே காரணம். சங்குக்கு ஏது கால்?

வங்காளத்தில் இதே வேலைக்குரிய கருவி ஜினுக். அந்தச் சொல்லுக்குச் சிப்பி என்று பொருள். அங்கும் உலோகம் ஓட்டுக்குப் பின்னால் வந்ததுதான். மலையாளத்தில் கோகர்ணம் என்கிறார்கள். பசுவின் காது என்று உவமையாகப் பார்த்திருக்கிறார்கள். தெலுங்கர் உருவத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே இருப்பதைப் பார்த்து உக்குகின்னெ என்றார்கள். உக்கு, கைக்குழந்தைக்குக் கரைத்து ஊட்டுவது. கின்னெ நம் கிண்ணி.

சிக்கல் பாலாடையில்தான். காய்ச்சிய பாலின் மேல் படர்வதும் பாலாடை, பால் புகட்டுவதும் பாலாடை. முன்னதில் ஆடை பொருந்துகிறது, பாலுக்குப் போர்த்திய துணி போல. பின்னதில் எந்த ஆடை? இங்கே பாலடை என்ற குறில் வடிவமே மூலம் என்பது என் கட்சி. தேன் அடைந்திருப்பது தேனடை, பால் அடைந்திருப்பது பாலடை. சங்கடையிலும் அதே அடைதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ஆடை என்று நீட்டிச் சொல்பவர் இல்லை. அடை என்றால் இலை என்றும் பொருளுண்டு. அடைகாய் என்பது வெற்றிலை பாக்கு. மடித்த வெற்றிலையின் உருவமும் இதற்குப் பொருந்தாமலில்லை. ஆனாலும் என் ஓட்டு தேனடைக்கே.

இந்தப் பாத்திரத்தின் வழியே போனது பால் மட்டுமல்ல. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு என்று உரைகல்லில் இழைத்துத் தாய்ப்பாலில் குழைத்த உரைமருந்து, அழ அழப் புகட்டிய விளக்கெண்ணெய் எல்லாம் இதன் மூக்கு வழியேதான் இறங்கின. குழந்தையின் தொண்டைக்கும் பேச்சில் சங்கு என்றே பெயர், சங்கிலிருந்து சங்குக்கு! கழுதையோடு தெருவில் வருபவர் இன்றும் "ஒரு சங்குப் பால்" என்றுதான் விலை சொல்கிறார். லிட்டர் அங்கே செல்லாது. ஓட்டின் பெயர் பாத்திரத்துக்கு வந்து, பாத்திரத்தின் பெயர் அளவாகிவிட்டது. (அந்தப் பாலைக் காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுப்பது வேறு கதை, மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.)

அதே மருத்துவர்கள் இந்தப் பாத்திரத்தைக் கைவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. குறைமாதத்தில், குறிப்பாக 32 முதல் 34 வாரத்துக்குள் பிறந்த குழந்தைக்கு, உறிஞ்சி விழுங்கி மூச்சுவிடும் ஒழுங்கு முழுதாகக் கூடியிருக்காது. கறந்தெடுத்த தாய்ப்பாலைக் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட இதைவிட எளிய கருவி இல்லை. புட்டியின் ரப்பர் காம்பில் தங்கும் அழுக்கும் இல்லை. திறந்த பாத்திரம், கொதிநீரில் போட்டு எடுத்தால் தீர்ந்தது. இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இப்போது எவர்சில்வர் பாலடை புழங்குகிறது. உலக மருத்துவ இதழ்களும் நம் சொல்லையே ஆங்கில எழுத்தில் அச்சிடுகின்றன. அந்த எழுத்தில் குறில் நெடில் தெரியாததால், பாலடையா பாலாடையா என்ற என் வழக்கை அவர்களிடம் கொண்டுபோக முடியாது.

நண்பரின் பித்தளைச் சங்கடை இப்போது அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பேத்திக்கு அதிலே பால் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். ஈயம் தேய்ந்த பித்தளையில் பால் பட்டால் செம்பு கலக்கும். கைக்குழந்தைகளைக் கொன்றுவந்த ஒருவகை ஈரல் நோய்க்குச் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வைத்த பாலோடு தொடர்புண்டு என்பதை 1980களில் புனேயில் நடந்த ஆய்வுகள் காட்டின. பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று அகப்பட்டால், புளி போட்டுத் துலக்குவதற்கு முன் உட்புறத்தை ஒருமுறை பாருங்கள். பிறகு வீட்டில் மூத்தவர் யாரிடமாவது கொடுத்து, இதற்கு அவர்கள் ஊரில் என்ன பெயர் என்று கேளுங்கள். மேலே சொன்னவற்றில் இல்லாத பெயர் ஏதும் வந்தால் ஊர்ப் பெயரோடு எனக்கு எழுதுங்கள்.