யவனர் ஜாடியும் அம்மாவின் செப்புக் குடமும்

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து உங்கள் பழைய வரலாற்று வாத்தியார் எழுதுகிறேன். போன பதிவு நீளம் என்று சிலர் குறைப்பட்டீர்கள். இதுவும் நீளம்தான். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பிப்ரவரியில் நானும் வீட்டம்மாவும் நாசிக் போயிருந்தோம். திரியம்பகேஸ்வரர் தரிசனம் முடிந்ததும், அங்கே வேலையில் இருக்கும் என் பழைய மாணவன், "சார், ஒரு திராட்சைத் தோட்டம் காட்டுறேன், வாங்க" என்று காரில் ஏற்றிக்கொண்டான். ஆறு ஏக்கர் தோட்டம். அப்பா கொடியைப் பார்க்கிறார், மகன் பழத்தைப் பிழிந்து ஒயின் ஆக்குகிறான், மருமகள் கணக்குப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கம்பெனி. புட்டி 500 ரூபாய்க்கு உள்ளேதான். மகாராஷ்டிர அரசு 2001-ல் திராட்சை ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்த பிறகு, மேசைத் திராட்சை போட்டுக்கொண்டிருந்த பல குடும்பங்கள் இந்தப் பக்கம் திரும்பின.

மேசையில் ஐந்து சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் வைத்தார்கள். முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டுமாம். பிறகு கிண்ணத்தைச் சுழற்றி முகர வேண்டும். அதன் பிறகுதான் ஒரு வாய். எனக்குக் கை நீளவில்லை. மாணவன் புரியாமல், "சும்மா ருசி பாத்துச் சொல்லுங்க சார்" என்றான். நான் முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். ஏன் என்று அங்கே சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

நம் பிள்ளைகள் பலர் ஒயின் என்றால் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அது தமிழ்நாட்டுக் கரையில் இறங்கியிருக்கிறது. புறநானூற்றில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது, யவனர் கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தர, அதை அருந்தி இனிது வாழ்க என்கிறார். புலவர் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இரண்டு கைப்பிடி வைத்த ரோமானிய ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆம்போரா என்பார்கள். எலிசபெத் லைடிங் வில் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து, பல ஓடுகள் கிரேக்கத்தின் காஸ் தீவு வகை ஒயின் ஜாடிகள் என்று காட்டினார். அந்த ஒயினில் கடல் தண்ணீர் கலப்பது வழக்கம். நீண்ட கடல் பயணத்திலும் கெடாமல் இருக்கும்.

அதே காலத்துக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற நூல், முசிறித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளில் ஒயினையும் சேர்க்கிறது, அதிகம் இல்லை என்ற குறிப்போடு. அதே நூல் நம் கொற்கையையும் அங்கே நடந்த முத்துக் குளிப்பையும் சொல்கிறது. அந்தக் காலத்தில் நம் தாமிரபரணி கடலில் கலந்த இடம் அது. உள்ளே போனது ஒயின், வெளியே போனது மிளகும் முத்தும். அந்த ஒயின் அரசனுக்கும் கடற்கரையில் தங்கிய யவனருக்கும்தான். ஏழை உழவன் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான்.

அப்படியானால் சாதாரண ஜனங்கள்? அவர்களுக்குச் சொந்தச் சரக்கு இருந்தது. தோப்பி என்பது வீட்டிலேயே நெல்லரிசியில் ஆக்கிய கள் என்று பெரும்பாணாற்றுப்படையில் தெரிகிறது. மலைக் குறவர்கள் தேனை மூங்கில் குழாயில் ஊற்றி விளைய வைத்துக் குடித்ததைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. தேறல் என்ற சொல்லையே பாருங்கள். தேறுதல் என்றால் தெளிதல். வண்டல் கீழே தங்கி மேலே தெளிந்து நிற்பதுதான் தேறல். நாசிக்கில் அந்தப் பையன் தொட்டியைக் காட்டி, "இது தெளியணும், அதுக்காகக் காத்திருக்கோம்" என்ற அர்த்தத்தில் இந்தியில் சொன்னபோது எனக்கு நக்கீரர் ஞாபகம் வந்தார்.

எல்லாரும் குடித்துக் கொண்டாடினார்கள் என்று முடித்துவிடாதீர்கள். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு 93-ம் அதிகாரம் முழுவதும் இருக்கிறது. மணிமேகலையில் சாதுவன், நாகர் தலைவனுக்குக் கள்ளையும் கொலையையும் விடச் சொல்கிறான். ஆக, குடிப்பவர் குரலும் வேண்டாம் என்பவர் குரலும் இந்த மண்ணில் பழசுதான்.

பிறகு எங்கே மாறியது? என் கணக்கில், குடி விளைபொருளாக இருந்தது போய் வருமானமாக ஆனபோது மாறியது. 1886-ல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் வந்தது. காய்ச்சுவதும் இறக்குவதும் விற்பதும் உரிமம், ஏலம், வரி என்று சர்க்கார் கைக்குப் போனது. நில வரியோடு ஆப்காரியும் மாகாணத்தின் பெரிய வருமானங்களில் ஒன்றானது. ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி போட வேண்டி வந்தது. 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971 ஆகஸ்ட் 30-ல் அது தளர்ந்தது. 1974-ல் மறுபடி மூடினார்கள். 1981-ல் திறந்தார்கள். 1987 ஜனவரி 1-ல் கள்ளையும் சாராயத்தையும் நிறுத்தினார்கள். 2003-லிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். எல்லாக் கட்சி ஆட்சியிலும் நடந்த கதை இது. அரசியல் சண்டைக்கு இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

இந்தத் தேதிகளை வகுப்பில் உங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். என் வீட்டில் அவை எப்படி இருந்தன என்று ஒருநாளும் சொன்னதில்லை.

1971-ல் நான் எஸ்.எஸ்.எல்.சி. அப்பா ஆலைத் தொழிலாளி. அதுவரை சம்பளநாளில் சங்கு ஊதினால் அரைமணியில் வீட்டுக்கு வந்துவிடுவார், கையில் பக்கடாப் பொட்டலம் இருக்கும். கடை திறந்த பிறகு பொட்டலம் நின்றது, ஆளும் இருட்டிய பிறகுதான் வந்தார். அம்மாவுக்குத் தாய்வீட்டுச் சீதனமாக வந்த செப்புக் குடம் ஒன்று இருந்தது. ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவரும் குடம். ஒரு மார்கழியில் அது அடகுக்குப் போனது, திரும்பவில்லை. அதன்பிறகு மண்பானையில்தான் தண்ணீர் வந்தது. "ஏலே, நீ அதைத் தொட மாட்டேன்னு சொல்லு" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். 1974-ல் கடை மூடியபோது பாபநாசம் கோயிலில் விளக்குப் போட்டாள். அப்பாவும் மெல்ல மீண்டார். 1981-ல் மறுபடி திறந்தபோது நான் வாத்தியார். திங்கட்கிழமை நோட்டு வாங்கக் காசில்லாமல் வந்து நிற்கும் பிள்ளைகளிடம் நான் ஏன் காரணம் கேட்டதில்லை என்று இப்போது சிலருக்குப் புரியும்.

ஆகவே கிண்ணத்தைக் கீழே வைத்தேன். வீட்டம்மா வைக்கவில்லை! "அத்தைக்குச் சத்தியம் பண்ணினது நீங்கதானே, நான் இல்லையே" என்று வெள்ளை ஒயினில் ஒரு வாய் குடித்துவிட்டு, "நெல்லிக்காயும் எலுமிச்சங்காயும் சேர்ந்த மாதிரி இருக்கு. சீனி போட்டா நல்லாருக்கும்" என்றாள். தோட்டக்கார அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். இந்த வயதில் அவளைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பியதும் பன்னீர்த் திராட்சை வாங்கினேன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருவது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பழம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறது. ஒயினுக்கும் ஏற்ற பழம். நாம் சாப்பிட்டும் ஜூஸ் போட்டும் தீர்க்கிறோம். கம்பத்து விவசாயி விலை சரிந்து நிற்கும்போது நாசிக் விவசாயிக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதையும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஒயினில் சாராயச் சத்து ஏறக்குறைய 12 சதவீதம். கடையில் விற்கும் பிராந்தியில் 42.8. இரண்டும் ஒன்றல்ல. அதற்காக ஒயின் நல்லது, குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. 12 சதவீதத்திலும் குடும்பம் அழியலாம். நான் சொல்வது ஒன்றுதான். ஒரு குடும்பம் விளைவித்து, தெளியும்வரை காத்திருந்து, விருந்தாளிக்கு ஒரு வாய் கொடுப்பது ஒரு வரலாறு. சம்பளநாள் பார்த்துக் கடையைத் திறந்து வைப்பது இன்னொரு வரலாறு. அந்தத் தோட்டக்காரர் முதல் வரலாற்றில் நிற்கிறார். என் அம்மாவின் குடம் இரண்டாவதில் போனது. இரண்டையும் ஒரே பெயரால் திட்டுவதும் தப்பு, புகழ்வதும் தப்பு.

1971-க்கும் 1974-க்கும் இடையில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். புத்தகத்தில் அது இல்லை. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கேட்டு எழுதி வையுங்கள். மார்க் கிடையாது, ஆனால் வீட்டுப்பாடம் இதுதான்.

அன்புடன்,
உங்கள் சார்