கொல்லை யாருக்குச் சொந்தம்?

வலங்கைமான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும்: பங்குனியில் மகாமாரியம்மன் கோயில் பாடைக்காவடி, தீபாவளிக்கு வெடி. குடமுருட்டிக் கரையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் வயல்தான். காவிரிப் படுகையின் வரலாற்றை எழுதியவர்களும் வயலை விட்டு அதிகம் நகரவில்லை. மேட்டூர் அணை திறந்த 1934, ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்த 1960கள் என்று நெல்லை வைத்தே காலத்தைக் கணக்கிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியிலிருந்து வேலி வரை கிடக்கும் கொல்லை அந்த வரலாற்றில் அபூர்வமாகவே தலைகாட்டுகிறது. ஆனால் ஒரு குடும்பம் கொல்லையில் எதை வளர்த்தது, எதை வளர்க்க முடியாமல் போனது என்று பார்த்தால் போதும். தஞ்சைச் சீமையில் மண் யார் கையில் இருந்தது என்பது தெரிந்துவிடும்.

கோழி இங்கே பழைய குடி. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், முற்றத்தில் காயவைத்த தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் காதுக் குழையைக் கழற்றி வீசுகிறார்கள். சோழநாட்டின் செழுமையைச் சொல்லும்போது அதே பாட்டு தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என்று அடுக்குகிறது. அந்த வரிசையில் பாதிக்கு மேல் இன்றும் கொல்லைச் சரக்கு. அதே புலவர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், மருதநிலத்து உழவர் வீட்டுக்குப் போனால் வெண்ணெல் சோற்றோடு வீட்டில் வளர்ந்த கோழியின் வறுவலும் கிடைக்கும் என்று பாணருக்கு வழி சொல்கிறார்.

சோழர் காலத்து ஆவணங்களில் கொல்லைக்கு மனைப்படப்பு என்று பெயர். நிலம் தானம் கொடுக்கும் செப்பேடுகள் மனையையும் மனைப்படப்பையும் சேர்த்தே கொடுக்கின்றன. சிலவற்றில் மருவும் தமனகமும் நட்டுக்கொள்ளும் உரிமைகூடத் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. வாசனைச் செடி நடுவதற்கே அரசனின் அனுமதி வேண்டியிருந்தது என்றால், மண் மீதான அதிகாரம் எவ்வளவு நுணுக்கமாக இறங்கி வந்திருக்கிறது! இன்னொரு பக்கம், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஒவ்வொரு ஊரிலும் ஊர்நத்தம், கம்மாளர் சேரி, பறைச்சேரி, குளம், சுடுகாடு, வாய்க்கால் ஆகியவற்றைக் கழித்துவிட்டு மீதிக்கே வரி கணக்கிடுகின்றன. நத்தத்துக்குள் அடங்கிய கொல்லையில் என்ன விளைந்தது என்று எழுதிவைக்க எந்தக் கணக்கருக்கும் அவசியம் இருக்கவில்லை.

தெருவுக்குத் தெரு கொல்லையின் முகம் மாறும். 1961–62இல் திருவையாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், அக்ரகாரம், மற்ற சாதியார் தெருக்கள், சேரி என்று ஊர் மூன்றாகப் பிரிந்து கிடந்ததைப் பதிவு செய்தார். அக்ரகாரத்துக் கொல்லை நீளமானது. மாட்டுக் கொட்டில், கிணறு, தென்னை, வாழை, கறிவேப்பிலை, நார்த்தை, பவழமல்லி எல்லாம் அதில் உண்டு. கோழி மட்டும் கிடையாது. மனுதர்மத்தின் ஐந்தாம் அத்தியாயம் இருபிறப்பாளருக்கு விலக்கிய உணவுகளில் நாட்டுக்கோழியையும் காளானையும் ஒரே சுலோகத்தில் வைத்திருக்கிறது. 1869இல் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியின் தெருவில் கோழி கூவியிருக்க வாய்ப்பில்லை.

சேரியில் கோழி இருந்தது, கொல்லை இல்லை. பண்ணையாளின் குடிசை நின்ற மனைக்கட்டு நிலவுடைமையாளரான மிராசுதாருடையது. கூலியில் தகராறு வந்தாலும் சங்கத்தில் சேர்ந்தாலும் முதலில் பறிபோவது அந்த இடம்தான். நாளைக்கே காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையில் இருப்பவர் எதை நடுவார்? தென்னையை நடமாட்டார். ஆடியில் பரங்கி விதையும் சுரை விதையும் ஊன்றிக் கொடியைக் கூரையில் ஏற்றுவார். தைக்குள் காய் வந்துவிடும். கீரை ஒரு மாதம். துரத்தினாலும் கையோடு எடுத்துக்கொண்டு போகக்கூடிய சொத்து கோழி.

அந்தச் சொத்தைப் பெருக்குவது முழுக்கப் பெண்களின் வேலை. அடைக்கு உட்காரும் கோழியை அதன் கொக்கரிப்பை வைத்தே கண்டுகொள்வார்கள். கூடையில் தவிடோ மணலோ பரப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முட்டைகளை ஒற்றைப்படையில் அடுக்குவார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஓரமாக ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய். 21ஆம் நாள் குஞ்சு பொரியும். அதற்குப் பிறகு பருந்துக்கும் காக்கைக்கும் பயந்து பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடி வைக்க வேண்டும். இத்தனை பாடுபட்ட பிறகும் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் தெருவே வெறிச்சோடிவிடும். அதற்கான தடுப்பூசியை முக்தேஸ்வர் ஆய்வு நிலையம் 1940களில் உருவாக்கியது. கோழி ஒன்றுதான் ஆஸ்தி என்று இருந்த வீட்டுக்கு அந்தச் சிறு ஊசி எவ்வளவு பெரிய காரியம் என்பதை நெல் உற்பத்திப் புள்ளிவிவரம் காட்டாது.

கோழிக்காவது குடிசை வாசல் வேண்டும்; காளானுக்குச் சொந்த நிலமே தேவையில்லை. ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய வைக்கோல் போரடியில் ஒரு வகை, புற்றடியில் இன்னொரு வகை. புற்றுக்காளானை மேலாகப் பிடித்து இழுத்தால் தண்டு அறுந்துவிடும். விரலை மண்ணுக்குள் விட்டு நெம்பி எடுக்க வேண்டும். அதன் வேர்போன்ற காம்பு, புற்றுக்குள் கறையான்கள் பயிர் செய்யும் பூஞ்சைத் தோட்டம் வரை இறங்கியிருக்கும். காலையில் மொக்காக இருப்பது வெயில் ஏறினால் விரிந்து புழு வைத்துவிடும் என்பதால் விடியும் முன்பே போவார்கள். எந்த இடத்தில் எது முளைக்கும், எதைத் தொடக்கூடாது என்பதைத் தாயோ பாட்டியோ கூட்டிப்போய்க் காட்டிக் கொடுத்தார்கள். நச்சுக்காளானைக் கண்டுபிடிக்க வேறு குறுக்குவழி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சென்னை மாகாண வேளாண் துறையினர் வைக்கோல் காளானை வளர்க்கும் முறையைக் கோயம்புத்தூரில் ஆராய்ந்து 1943 வாக்கில் வெளியிட்டார்கள். இன்று நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் வரை காளான் வளர்க்கும் வித்தை வந்து சேர்ந்திருக்கிறது. வேகவைத்த வைக்கோலைப் பாலிதீன் பையில் அடைத்துச் சிப்பிக்காளான் எடுக்கிறார்கள். புற்றுக்காளானை மட்டும் இன்னும் கறையான்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது.

கொல்லையின் வரலாற்றில் உண்மையான திருப்பம் விதையாலும் வரவில்லை, உரத்தாலும் வரவில்லை. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேலைக்குக் கொஞ்சம் உத்தரவாதம் தந்தது. 1961இல் வந்த குடியிருப்புச் சட்டம் மனைக்கட்டிலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு 1971இல் வந்ததுதான் குடியிருப்பு மனைகளை உரிமையாக்கும் சட்டம். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று யார் எந்த மனையில் குடியிருந்தாரோ, அந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அது சொந்தம். சட்டத்தின் வாசகத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. குடியிருப்பு என்பது வீடு நிற்கும் இடம் மட்டுமல்ல, அந்த வீட்டை வசதியாக அனுபவிக்கத் தேவையான அண்டை நிலமும் சேர்ந்தது என்று விளக்கம் சொல்கிறது. மனைப்படப்பு என்று செப்பேடு பெரியவர்களுக்கு எழுதிக் கொடுத்ததைப் பண்ணையாளுக்கும் எழுதிக் கொடுத்த வரி அது.

சொந்தம் என்று ஆன மண்ணில்தான் மரம் வைக்க மனம் வரும். முருங்கைப் போத்து நட்டால் ஒரு வருஷத்துக்குள் காய்க்கலாம். நாட்டுத் தென்னைக்கு ஆறேழு வருஷமாவது காத்திருக்க வேண்டும். ஒரு குடியிருப்பில் தென்னை நிற்கிறதென்றால், அதை நட்டவர் இத்தனை வருஷம் இங்கேயே இருப்போம் என்று நம்பியிருக்கிறார் என்று பொருள்.

எல்லோருக்கும் அந்த நம்பிக்கை கிடைத்துவிடவில்லை. டெல்டாவில் ஏராளமான வீடுகள் கோயில், மடங்களின் அடிமனையில் நிற்கின்றன. வீடு குடியிருப்பவருடையது, கொல்லையும் தரையும் சாமியுடையது. அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவின்படி அந்த மனைகளுக்கு நியாய வாடகை நிர்ணயித்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். பட்டாவோ, கிரயமோ, கட்டுப்படியாகும் வாடகையோ வேண்டும் என்று அடிமனைக் குடியிருப்போர் இன்றும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.